அறுபத்து மூன்று புளியங்கொட்டைகள்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கையில் அகப்பட்டது. உள்ளே புளியங்கொட்டைகள். "இதைத் தூக்கிப் போட்டுடவா மாமா?" என்று மருமகள் கேட்டாள். "வேண்டாம்மா, இப்படிக் கொடு" என்று வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து எண்ணினேன். 63. ஒன்றுகூடக் குறையவில்லை. ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

புதுச்சேரியில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நான், மகனோடு சேரப்பணஞ்சேரிக்கு வந்து சேர்ந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். மகனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதிகாலையில் ஷிஃப்ட் பஸ்கள் போகும் சத்தத்தில்தான் எங்கள் தெரு கண்விழிக்கும். அவனுக்கு நாற்பது வயது தாண்டியதும் தொப்பை எட்டிப் பார்த்தது. கூட வேலை பார்க்கும் பையன்கள் சைக்கிள் ஓட்டக் கூப்பிட்டார்கள். சைக்கிள் ஓட்டப் போனவன் ஓடவும் ஆரம்பித்தான். பிறகு ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, "அப்பா, நான் டிரையத்லான் பண்ணப் போறேன்" என்றான்.

எனக்கு அப்போது அந்த வார்த்தையே புதிது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். கோவாவில் 2019 முதல் நடக்கும் பெரிய போட்டியில் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டரை மணி நேரம் தருவார்கள். நீச்சலை மட்டும் 1 மணி 10 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும், முடிக்காவிட்டால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். கணக்கைக் கேட்டதும் என் மனைவி, "சம்பளம் ஏதும் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். நாம்தான் பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டாள்.

2023-ல் அவன் முதல் போட்டிக்குப் போனான். எந்தப் போட்டி, எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். நடத்தியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. கடலில் 1.5 கிலோமீட்டர். ஊதல் ஒலித்ததும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். இவனும் பாய்ந்தான். முன்னால் போகிறவர்களை விட்டுவிடக் கூடாது என்று கையை வீசிப் போட்டான். ஐந்தாறு நிமிடம்தான். மூச்சு வாங்கியது, நெஞ்சு அடைத்தது, கை மரக்கட்டையாகிவிட்டது. முதல் மிதவையைக்கூட எட்டவில்லை. கையைத் தூக்கிக் காட்டினான்; காவல் படகில் ஏற்றிக் கரையில் கொண்டுவந்து விட்டார்கள். முதலுதவிக்காரர் நாடியைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை, பயம்தான்" என்றாராம்.

வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு மொட்டை மாடியில் நான் உட்கார்ந்திருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏண்டா, நடுவுல கொஞ்சம் நின்னு மூச்சு விட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நிக்கலாம்ப்பா. அங்கங்க படகு நிக்குது. அதைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் இளைப்பாறலாம், படகு நம்மள முன்னால இழுத்துட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். விதி எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா அந்த நேரத்துல ஒண்ணுதான் காதுல கேட்டுச்சு. நின்னா முழுகிடுவ, நின்னா முழுகிடுவன்னு."

அவன் என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. அது என் வாக்கியம்.

1988 கோடை விடுமுறை. அவனுக்கு ஒன்பது வயது. வில்லியனூர் பக்கம் உறவினர் வீட்டுக் கிணறு. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நாலு நாள் பழக்கினேன், ஐந்தாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டேன். அவன் வயதில் என் அண்ணன் மகனும் இருந்தான். இரண்டு பேரையும் ஒரு பக்கச் சுவரில் நிறுத்தி, நான் எதிர்ப் பக்கப் படியில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்துகொள்வேன். முதலில் தொடுகிறவனுக்கு ஒரு ரூபாய். பாதி வழியில் இவன் தயங்கினால், "நிக்காதடா! நின்னா முழுகிடுவ! வேகம், வேகம்!" என்று கத்துவேன். அவன் தொட்டுவிட்டு இரைக்க இரைக்கச் சிரிப்பான். எனக்குப் பெருமை தாங்காது. மல்லாக்க மிதக்கவோ, களைத்தால் என்ன செய்வது என்றோ அவனுக்கு நான் சொல்லித் தரவே இல்லை. கிணற்றுக்கு அது தேவைப்படவும் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பத்துப் பதினைந்து கையில் சுவர் வந்துவிடுமே.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் மைதானத்தைச் சுற்றி ஓடவிடும்போது அடிக்கடி சொல்லும் சொல் 'அல்யூர்'. நம் தமிழில் 'நடை' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். குதிரைக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. முதல் சுற்றிலேயே பறக்கும் பையனைப் பார்த்து, "துஸ்மான், துஸ்மான்" என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். உன் அல்யூரைக் கண்டுபிடி, கடைசிச் சுற்றிலும் அதே நடையில் நீ ஓட முடிய வேண்டும் என்பார். அவரிடம் கற்றதை என் மகனுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு முப்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் நினைவு வந்தது.

"மறுபடியும் போறியா?" என்று அன்று இரவு கேட்டேன். "தெரியலப்பா" என்றான். "போறதா இருந்தா நான் கூட இருக்கேன். கணக்கு நான் பாத்துக்கறேன்" என்றேன். கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் வேறு என்ன சொல்ல முடியும்?

முதலில் டாக்டர். என் மனைவி அதில் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் திடீர் இதய நிறுத்தங்களையும் திரட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. சராசரி வயது நாற்பத்தேழை ஒட்டி. மூன்றில் மிகக் குறுகிய பகுதி நீச்சல்தான், ஆபத்து அதில்தான் அதிகம். ஆகவே நடுவயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு உற்சாகப்பட்டால், இதயப் பரிசோதனை முடித்துவிட்டு உற்சாகப்படுங்கள். அவனுக்கு எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

பிறகு நான் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கினேன். இளைஞர்கள் கடிகாரத்தில் பார்ப்பதை நான் காகிதத்தில் பார்த்தேன்.

நான் புரிந்துகொண்டது இதுதான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. சைக்கிளிலோ ஓட்டத்திலோ அவசரப்பட்டால் கொஞ்சமாவது பலன் உண்டு. தண்ணீரில் அவசரத்துக்கு வட்டி அதிகம். வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டுமானால், உடம்பு மூன்றில் ஒரு பங்கு அதிக சக்தியைக் கொட்ட வேண்டும். கொட்டியும் மிச்சமாவது சில வினாடிதான். அதோடு ஓடுகிறவன் இரைத்தால் வாயைத் திறந்து மூச்சு விடலாம். நீந்துகிறவனுக்குத் தலையைத் திருப்பும் அந்த ஒரு கணம்தான் மூச்சு. உள்ளே இருக்கும் காற்றை நீருக்குள்ளேயே முழுதாக விட்டுவிடாவிட்டால், தலையைத் திருப்பும்போது புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. அவசரக்காரன் மூச்சை அடக்கிக்கொள்கிறான்; நெஞ்சு அடைக்கிறது; பயம் வருகிறது; பயத்தில் இன்னும் அவசரப்படுகிறான். என் மகனுக்கு நடந்தது அதேதான்.

அவனுடைய அல்யூர் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரகடத்தில் அவன் நண்பர் வீட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் 25 மீட்டர் குளம். அங்கே 400 மீட்டரை முடிந்த அளவு வேகமாக நீந்தச் சொன்னேன். 10 நிமிடம் 20 வினாடி. நன்றாக ஓய்வெடுத்த பிறகு 200 மீட்டர். 4 நிமிடம் 50 வினாடி. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மிச்சம் 200 மீட்டருக்கு ஐந்தரை நிமிடம், அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிடம் 45 வினாடி. நெடுநேரம் தாங்கக்கூடிய வேகத்தின் மேல் எல்லை ஏறக்குறைய அதுதான். அதைத் தாண்டினால் கடன் வாங்கிச் செலவு செய்வதுபோல, எங்கோ ஓரிடத்தில் கடன்காரன் வந்து நிற்பான்.

பிறகு 1.9 கிலோமீட்டருக்கு பட்ஜெட் போட்டேன். முதல் 300 மீட்டர், நூறுக்கு 3 நிமிடம். வேண்டுமென்றே மந்தம். அடுத்த 1,200 மீட்டர், நூறுக்கு 2 நிமிடம் 50 வினாடி. கடைசி 400 மீட்டர், தெம்பு இருந்தால் 2 நிமிடம் 45 வினாடி. மொத்தம் 54 நிமிடம். கெடு 70 நிமிடம், ஆகவே அலைக்கும் வழி தவறுவதற்கும் 16 நிமிடம் கையிருப்பு.

அவன் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஆரம்பத்துல இவ்வளவு மெதுவா போனா எல்லாரும் என்னைத் தாண்டிடுவாங்கப்பா" என்றான்.

"தாண்டட்டும். அந்த முன்னூறு மீட்டரை நீ பத்து சதவீதம் வேகமா அடிச்சா என்ன மிச்சம்னு கணக்கு போட்டுப் பாரு. உன்னோட எல்லை வேகத்தவிட நாப்பத்தஞ்சு வினாடி. எட்டரை மணி நேரத்துல நாப்பத்தஞ்சு வினாடிக்காக யாராவது நெஞ்சடைச்சு நிப்பானா?"

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வருஷம் முழுக்க ஒதுக்கீட்டைத் தொடாமல் வைத்திருந்துவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் பில்லுகளைத் தள்ளுவது நமக்குப் பழக்கம். நீச்சலில் பலரும் செய்வது அதற்கு நேர்எதிர். ஏப்ரல் மாதத்திலேயே மொத்த ஒதுக்கீட்டையும் செலவழித்துவிட்டு மீதிப் பதினோரு மாதம் கையைப் பிசைகிறார்கள். இரண்டுமே தப்பான நிர்வாகம். ஆனால் தண்ணீரில் இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும்.

கணக்கு போட்டுவிட்டால் ஆயிற்றா? பழக வேண்டுமே. அடுக்குமாடிக் குளத்தில் வாரம் ஒருநாள்தான் அனுமதி. அப்போது கைகொடுத்தது கிணறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் எங்கள் பக்கம் ஏரி, கிணறு எல்லாம் தளும்பின. ஏரியில் இறங்க நான் சம்மதிக்கவில்லை. சேறும் பாசிக் கொடியும் எங்கே காலைப் பிடிக்கும் என்று தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் கிணறு, நாற்பது அடி அகலம், நல்ல கருங்கல் கட்டு, படி உண்டு. கேட்டதும், "தாராளமா வாங்க ஐயா, மோட்டார் போடற நேரத்துல மட்டும் வேண்டாம்" என்றார். காலை ஐந்தரைக்குப் போய்விடுவோம். ஒரு லாரி டியூபில் கயிறு கட்டிப் படியோரம் மிதக்க விடுவேன். அது இல்லாமல் அவன் இறங்கக் கூடாது என்பது முதல் விதி. நான் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது இரண்டாவது.

சுவரை ஒட்டினாற்போல் வட்டமாக நீந்தினால் ஒரு சுற்று ஏறக்குறைய 30 மீட்டர். 63 சுற்று நீந்தினால் 1,890 மீட்டர். எண்ணிக்கை தவறாமல் இருக்க வீட்டிலிருந்து 63 புளியங்கொட்டை எடுத்துப் போனேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றுவேன். பத்து கொட்டைக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறிப்பேன். முப்பது சுற்று முடிந்ததும் திசையை மாற்றச் சொல்வேன், இல்லாவிட்டால் ஒரு தோள் மட்டும் வலிக்கும்.

முதல் வாரக் குறிப்புகளை இப்போது பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. முதல் பத்துச் சுற்றில் அவன் பறக்கிறான், மூன்றாம் பத்தில் திணறுகிறான், நாற்பதோடு படியில் ஏறிவிடுகிறான். எத்தனை முறை "மெதுவா" என்று கத்தினாலும் நீருக்குள் இருப்பவனுக்குக் கேட்கவா போகிறது? பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரச்சினை வேகத்தில் இல்லை. மெதுவாகப் போனால் நின்றுவிடுவோம், நின்றால் மூழ்கிவிடுவோம் என்று ஒன்பது வயதில் நான் உள்ளே ஏற்றிய ஆணி. அதைப் பிடுங்காமல் பட்ஜெட் போட்டு என்ன பயன்?

அன்றைக்கு வேட்டியை அவிழ்த்துக் கல்லில் வைத்துவிட்டு, உள் டவுசரோடு நானே படியிறங்கினேன். எனக்கு அப்போது 73 வயது. "அப்பா, வேணாம்ப்பா" என்று அவன் பதறினான். மோட்டார் கொட்டகையிலிருந்து கிணற்றுக்காரர் ஓடி வந்தார். டியூபைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, காதுவரை தலையை நீரில் சாய்த்து, மல்லாக்கப் படுத்தேன். பழக்கம் விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆனால் தண்ணீர் மறக்கவில்லை. வயிறு மேலே வந்தது. மேலே வட்டமாக வானம், அதன் ஓரத்தில் கிணற்றுக்காரரின் தலை. ஒரு நிமிடம் அப்படியே கிடந்தேன்.

"பாத்தியா? நான் நீந்தல. கை காலை ஆட்டல. நின்னுட்டேன். முழுகினேனா?" என்று கேட்டேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா. நின்னாலும் முழுகமாட்ட."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனும் பக்கத்தில் மல்லாந்தான். 45 வயது மகனும் 73 வயது அப்பாவும் ஒரு கிணற்றில் மிதப்பதைப் பார்த்துக் கிணற்றுக்காரர், "ரெண்டு பேரும் காபி தண்ணி குடிச்சிட்டுத் தூங்குங்க, நான் மோட்டாரை அப்புறமா போடறேன்" என்றார்.

அதற்குப் பிறகு பயிற்சியை மாற்றினோம். ஒவ்வொரு பத்துச் சுற்றிலும் அவன் வேண்டுமென்றே பத்து விநாடி மல்லாந்து மிதக்க வேண்டும், பிறகு புரண்டு தொடர வேண்டும். ஓய்வு தேவைப்பட்டாலும் சரி, தேவைப்படாவிட்டாலும் சரி. மாசி மாதத்தில் ஒரு நாள் 63 கொட்டையும் இடம் மாறின. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது நோட்டில் இருந்த எண்கள்தான். முதல் பத்துச் சுற்றுக்கும் கடைசிப் பத்துச் சுற்றுக்கும் வித்தியாசம் 12 வினாடி.

சித்திரையில் கிணறு வற்றியதும் குளத்துக்கும், வாரக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கடலுக்கும் மாறினார்கள். நண்பர்கள் ஆறு பேர், கூடவே படகோடு ஒரு மீனவர். அங்கே கற்றுக்கொண்டவை வேறு. கடலில் சுவரும் இல்லை, கோடும் இல்லை. எட்டுப் பத்துக் கைக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கி, மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் கால் தாழும், நடை கெடும். பார்க்காமலே போனால் வளைந்து வளைந்து கூடுதலாக நூறு இருநூறு மீட்டர் நீந்திவிடுவோம். இன்னொரு சூட்சுமம், தன் நடைக்குச் சரியான ஆளின் காலடியை ஒட்டிப் போவது. முன்னால் போகிறவர் நீரைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருபவருக்குச் சிரமம் குறையும். சைக்கிளில் அப்படி ஒட்டிப் போனால் கோவா மாதிரிப் போட்டிகளில் தண்டனை உண்டு, நீச்சலில் தடை இல்லை. ஆனால் தன்னைவிட வேகமானவர் காலைப் பிடித்துப் போனால் பழைய கதைதான். குளிர் நாடுகளில் ரப்பர் உடுப்பு போட்டுக்கொள்கிறார்கள், அதுவே உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். நம் கடல் வெதுவெதுப்பானது, அதற்கு அனுமதி கிடைக்காது. நம்மைத் தூக்கிப் பிடிக்க நம் மூச்சு மட்டும்தான்.

அந்த ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக். தண்ணீர் சுத்தமாக இல்லை என்று ஆண்கள் போட்டியை ஒருநாள் தள்ளிவைத்து, 31-ம் தேதி பெண்கள், ஆண்கள் இரண்டையும் நடத்தினார்கள். செய்ன் நதியைப் பள்ளிப் புத்தகத்தில் படம் படமாகப் பார்த்தவன் நான். டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பிரெஞ்சுப் பெண் கசாந்த்ர் போக்ரான் தங்கம் வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் பழைய பாசம். ஆனால் நான் மகனைக் கூப்பிட்டுக் காட்டியது நீச்சலைத்தான். ஆற்றோட்டம் பலமாக இருந்தது. போகும்போது நீரோட்டமே தள்ளிக்கொண்டு போயிற்று. திரும்பும்போது அதே நீரோட்டத்தை எதிர்த்து, உலகத்தின் தலைசிறந்த வீரர்களே கரைச் சுவரை ஒட்டி ஒட்டி ஊர்ந்தார்கள். "பாரு, அவங்களே எங்க மிச்சம் பிடிக்கலாம்னு பாக்கறாங்க" என்றேன்.

ஹவாயில் 1978-ல் நடந்த முதல் அயர்ன்மேன் போட்டிக் கதையையும் சொன்னேன். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ஜெயித்தவர் கார்டன் ஹாலர், ஒரு டாக்சி ஓட்டுநர். அவர் தண்ணீரிலிருந்து வெளியே வந்தபோது, கடைசியில் இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரைவிடச் சுமார் 20 நிமிடம் பின்னால் இருந்தார். மீதியைச் சைக்கிளிலும் ஓட்டத்திலும் பிடித்தார். நீச்சலில் யாரும் டிரையத்லானை ஜெயிப்பதில்லை, தோற்க மட்டும் முடியும் என்று எனக்குத் தோன்றியது. நம் ஊர்க்காரர்களுக்குக் குற்றாலீஸ்வரன் நினைவிருக்கும். 1994-ல், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பாக் ஜலசந்தியையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்த சென்னைப் பையன். அப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவன் வேகத்தைப் பற்றியே பேசினோம். மணிக்கணக்கில் ஒரே நடையில் கை போடும் பொறுமையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும்தான்.

2024 அக்டோபர் கடைசி ஞாயிறு, கோவா மிராமர் கடற்கரை. நானும் மருமகளும் பேத்தியும் விடியும் முன்பே போய் நின்றோம். வீட்டுக்காரி வரவில்லை, சேரப்பணஞ்சேரியில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, கண்ணாடி. அவன் தண்ணீருக்குள் இறங்கியதுவரைதான் தெரிந்தது. பிறகு கடல் முழுக்கத் தலைகள். எது என் பிள்ளை என்று எப்படித் தெரியும்? கையில் கடிகாரம் இருந்தது. 1988-ல் இருந்த மாதிரியேதான். இந்த முறை ஒரு சத்தமும் போடவில்லை. சட்டைப் பைக்குள் புளியங்கொட்டை இருந்தது. விரலால் உருட்டிக்கொண்டே நின்றேன்.

40 நிமிடம். 50 நிமிடம். பட்ஜெட்டில் போட்ட 54 தாண்டியது. மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். "கையிருப்பு பதினாறு நிமிஷம் இருக்கும்மா" என்றேன். அவளுக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியாது. 57-வது நிமிடத்தில் பேத்திதான் கத்தினாள், "தாத்தா, அதோ அப்பா!" நீரிலிருந்து எழுந்தான், தள்ளாடவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மணலில் சாதாரணமாக ஓடினான். எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட நேரம் இருந்தது. மூச்சு வாங்கவில்லை. அதைத்தான் நான் பார்த்தேன்.

பிறகு சைக்கிள், ஓட்டம், வெயில் எல்லாம் நடந்தது. கெடுவுக்குள் முடித்தான், மெடல் வாங்கினான். அது அவன் கதை, அவன் எழுதட்டும்.

ரயிலில் திரும்பும்போது, "மூணு நிமிஷம் எங்கடா போச்சு?" என்று கேட்டேன். குமாஸ்தா புத்தி, கணக்கில் விடுபட்டதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முதல் மிதவைகிட்ட ஒருத்தர் கால் முகத்துல பட்டுச்சு. தண்ணி குடிச்சிட்டேன். பழையபடி நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்துச்சு" என்றான்.

"அப்புறம்?"

"மல்லாந்து படுத்துட்டேன்ப்பா. எத்தனை பேர் தாண்டினாங்கன்னு தெரியாது. வானத்தைப் பாத்துக்கிட்டு நம்ம கிணறை நெனச்சுக்கிட்டேன். மூச்சு வந்ததும் புரண்டு மறுபடி முதல்ல இருந்து மெதுவா ஆரம்பிச்சேன்."

அந்த மூன்று நிமிடத்தை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. செலவு என்று எழுத மனம் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் பேத்திக்கு நீச்சல் பழக்க வேண்டும் என்கிறார்கள். கிணற்றுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. முதல் வாரம் மிதப்பது மட்டும்தான். கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப் போகிறேன்.